உருகாமல் ஒட்டும் உலோகம்
மாத்தூர் பட்டறைகளுக்கு ஒரு புதுத் தொழில்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் மாத்தூர் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர். அங்கே ஒரு தொழிற்பேட்டை உண்டு. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைக்கும் பட்டறைகள் அங்கே நிறைய.

இந்தப் பட்டறைகளுக்குச் சோறு போட்டது திருச்சி "பெல்" தொழிற்சாலை. அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்வதற்காக 1960களில் தொடங்கிய பெரிய தொழிற்சாலை அது. அங்கே ஆர்டர் நிறைந்தால் மாத்தூரில் பொறி பறக்கும். ஆர்டர் குறைந்தால் மாத்தூரில் கதவு சாத்தும்.

2010க்குப் பின் வந்த ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. அனல்மின் நிலைய வேலைகள் குறைந்தன. பட்டறைகள் தவித்தன. பல மூடப்பட்டன. கடன் வாங்கி இயந்திரம் போட்டவர்கள் வட்டி கட்ட முடியாமல் திண்டாடினார்கள். தொழில் தெரிந்த பல இளைஞர்கள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள்.

இப்போது ஆர்டர்கள் மீண்டும் வருகின்றன. நல்லது. ஆனால் ஒரே பசுவை நம்பிய வீட்டுக்கு, அந்தப் பசு பால் வற்றினால் என்ன கதி? இன்னொரு பசுவும் தொழுவத்தில் வேண்டும். இரும்பு வேலை தெரிந்த கைகள், அலுமினிய வேலையும் கற்க வேண்டும்.

அலுமினியம் ஏன் அடங்காது?

அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் ரயில் பெட்டி, படகு, விமானம், ராக்கெட் எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

ஆனால் வெல்டிங் வைப்பவருக்கு அது முரட்டு மாடு. இரும்பு உருகுமுன் சிவக்கும். அலுமினியம் நிறம் மாறாது. 660 டிகிரி சூட்டில் சொல்லாமல் கொள்ளாமல் உருகி ஓடிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய தோலோ 2,000 டிகிரிக்கு மேலும் உருகாது. உருகியது ஆறும்போது உள்ளே சிறு சிறு துளைகள் விழும். சில வகைகளில் விரிசலும் விழும்.

அலுமினியத்தில் பல வகை உண்டு. மக்னீசியமும் சிலிக்கானும் கலந்தது 6061. துத்தநாகம் கலந்தது 7075. இது மிகவும் வலிமையானது, விலையும் கூடுதல். மக்னீசியம் கலந்த 5083 கடல் உப்பைத் தாங்கும்.

முழுப் பொருளையும் விலை கூடிய வகையில் செய்வானேன்? பட்டுப் புடவையில் கரைக்கும் முந்தானைக்கும் சரிகை போடுவதில்லையா? அதுபோல், பாரம் தாங்கும் இடத்தில் மட்டும் வலிமையான வகை. மற்ற இடத்தில் மலிவான வகை. சிக்கனம்தான். ஆனால் இரண்டையும் இணைக்க வேண்டுமே! உருக்கி ஒட்டினால் 7075 போன்ற வகை விரிசல் விட்டுவிடும்.

மாவு பிசைவது போல

இதற்கு 1991இல் இங்கிலாந்தில் ஒரு வழி பிறந்தது. கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் வேன் தாமஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் கண்டுபிடித்தார்கள். உராய்ந்து, கலக்கி, ஒட்டும் முறை அது.

மார்கழிக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு பிறக்கிறது. அந்தச் சூடுதான் இதற்கு முதல்.

இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அசையாமல் இறுக்குகிறார்கள். நடுவில் ஒரு சிறு முனை கொண்ட கடினமான எஃகுக் கருவியைச் சுழலவிட்டு அழுத்துகிறார்கள். நிமிஷத்துக்குச் சுமார் ஆயிரம் சுற்று. உராய்வில் அலுமினியம் இளகுகிறது. உருகுவதில்லை. சப்பாத்தி மாவு போல் குழைகிறது. கருவி மெல்ல முன்னே நகர நகர, இரண்டு தகட்டின் உலோகமும் பிசைந்து ஒன்றாகிறது.

உருகாததால், ஆறும்போது விழும் துளையும் விரிசலும் இல்லை. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் இல்லை. நெஞ்சை அடைக்கும் புகை இல்லை. வெல்டிங் குச்சி தேவையில்லை. அலுமினியத்துக்குப் பெரும்பாலும் காப்பு வாயுவும் தேவையில்லை.

ஜப்பானில் ரயில் பெட்டிகளை இப்படிச் செய்கிறார்கள். அமெரிக்காவில் ராக்கெட் தொட்டிகளைச் செய்தார்கள். இந்தியாவும் பின்தங்கவில்லை. 2018 ஏப்ரல் 12இல் பறந்த பி.எஸ்.எல்.வி.-சி41 ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியில் இம்முறை கையாளப்பட்டதாக இஸ்ரோ அறிவித்தது.

அறிவு பக்கத்தில் இருக்கிறது

இதைக் கற்கச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோகங்களை இணைக்கும் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இந்த முறையில் அங்கே ஏராளமான ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. திருச்சி பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கண்டுபிடித்தவர்களின் ஆரம்பக் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது.

2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கப்பட்டது. அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. பாதுகாப்புத் துறைக்கு எடை குறைந்த பொருள்கள் வேண்டும். அந்த வேலை மாத்தூருக்கும் வர வேண்டாமா?

குறையும் உண்டு

இந்த முறை சர்வரோக நிவாரணி அல்ல. தகட்டை அழுத்த அரை டன், ஒரு டன் பாரம் வேண்டும். ஆகவே இயந்திரம் பெரிது, விலையும் பெரிது. கல்லூரிகளில் மில்லிங் இயந்திரத்தை மாற்றி மெல்லிய தகடுகளில் சோதனை செய்கிறார்கள். நாள் முழுதும் ஓடும் வேலைக்கு அது தாங்காது. கருவியை எடுக்கும் இடத்தில் ஒரு குழி விழும். வேகம் தவறினால் உள்ளே பொந்து விழும், வெளியே தெரியாது. இரு வகை அலுமினியத்தை இணைக்கும்போது எந்தத் தகடு எந்தப் பக்கம் என்பதும் பலத்தை மாற்றும்.

"இயந்திரம் வந்தால் வெல்டருக்கு வேலை போய்விடுமே" என்று சிலர் அஞ்சலாம். நியாயமான அச்சம்தான். ஆனால் கொதிகலன் வேலைக்கு அவர் கை என்றும் வேண்டும். தகட்டை இறுக்கவும், வேகத்தை முடிவு செய்யவும், இணைப்பைச் சோதிக்கவும் உலோகத்தின் குணம் தெரிந்தவர்தான் வேண்டும். புதிதாக ஒருவரைப் பழக்குவதைவிட, பழைய வெல்டருக்கு இதைக் கற்றுக்கொடுப்பது சுலபம்.

செய்ய வேண்டியது

ஒரு சிறு பட்டறை தனியாக இந்த இயந்திரத்தை வாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். ஊருக்குப் பொதுக்கிணறு போல, தொழிற்பேட்டைக்கு ஒரு பொது இயந்திரம் வேண்டும். சிறுதொழில்களின் பொது வசதி மையங்களுக்கு மத்திய அரசு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. பட்டறைக்காரர்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். அரசாங்கம் தாமதிக்காமல் தர வேண்டும்.

மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த முறையைக் கண்ணிலாவது காட்ட வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் மாதம் ஒருமுறை பட்டறைக்கு வர வேண்டும். ஏட்டில் இருக்கும் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆராய்ச்சி ஏட்டில் இருக்கும் வெல்டிங்கும் அப்படியே.

ஆர்டர் வரும் காலத்தில்தான் அடுத்த தொழிலைக் கற்க வேண்டும். கதவு சாத்திய பிறகு கற்க, கையில் காசும் இராது. பட்டறையில் ஆளும் இராது.