சங்கும் இதயமும்

மாணவ நண்பர்களே, சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்துப் பாருங்கள். வெளித்தோற்றம் தெரியும், உள்ளே சுழன்று செல்லும் அறை தெரியாது. உடைத்தால் தெரியும், ஆனால் சங்கு போய்விடும். இதய அறுவை மருத்துவரின் சங்கடமும் இதுதான்.

பிறக்கும் குழந்தைகளில் 1,000-க்கு ஏறக்குறைய 8 பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. பல எளியவை; சில மிகச் சிக்கலானவை. நுரையீரல் தமனி வலது வென்ட்ரிக்கிளிலிருந்தும், பெருந்தமனி இடது வென்ட்ரிக்கிளிலிருந்தும் கிளம்புவது இயல்பு. சில குழந்தைகளுக்கு இரண்டுமே வலதிலிருந்து கிளம்புகின்றன. நடுச்சுவரில் ஓட்டையும் இருக்கும். அந்த ஓட்டையிலிருந்து பெருந்தமனிக்கு இதயத்தின் உள்ளேயே ஒரு வழி அமைக்க வேண்டும். முடியுமா? குழந்தையின் இதயமோ அதன் கைப்பிடி அளவுதான். நெஞ்சைத் திறந்து, இதயத் துடிப்பை நிறுத்திய பிறகு யோசிக்க நேரம் ஏது?

இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. இரத்தத்தில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, சி.டி. படம் எடுக்கிறார்கள். அயோடின் எக்ஸ்-கதிர்களை மிகுதியாக உறிஞ்சுவதால், இரத்தம் நிறைந்த அறைகள் தசையினின்று பிரிந்து தெரிகின்றன. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கியதுபோல் நூற்றுக்கணக்கான படங்கள் கிடைக்கும். கணிப்பொறி அவற்றை அடுக்கி உருவமாக்குகிறது. முப்பரிமாண அச்சு எந்திரம் அவ்வுருவத்தைப் படலத்தின்மேல் படலமாகக் கட்டி எழுப்புகிறது. மருத்துவர் அந்த மாதிரியை வெட்டியும் பார்க்கலாம், குழந்தைக்கு வலிக்காது.

பயன் உண்டா? 10 மருத்துவ மையங்கள் சேர்ந்து, சிக்கலான குறையுள்ள 40 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மாதிரியைக் கண்டபின் 19 பேருக்கு அறுவைத் திட்டம் திருத்தப்பட்டது. 21 பேருக்கு மாறவில்லை. அதே ஆண்டில் கொச்சி அமிர்தா மருத்துவமனையினரும், வசதி குறைந்த சூழலிலும் இம்முறை உதவும் என்று தம் அனுபவத்தை வெளியிட்டனர்.

எல்லாக் குழந்தைகளுக்கும் மாதிரி தேவை என்று நான் சொல்லவில்லை. சாதாரண ஓட்டைக்கு எக்கோ சோதனையே பெரும்பாலும் போதும். மாதிரி துடிக்காது, மெல்லிய வால்வு இதழ்கள் அதில் சரியாகப் பதியாமல் போகலாம். எல்லைக் கோட்டைத் தவறாகப் பிரித்தால் மாதிரியும் தவறாகும். ஆனால், சிக்கலான இதயத்துக்கு இவ்வுதவி பெற்றோரின் பணத்தைப் பொறுத்துக் கிடைப்பது நியாயமா?

பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இந்த எந்திரம் இருக்கிறது. குழந்தைகளுக்கு இதய அறுவை செய்யும் அரசு மருத்துவமனைகளோடு அவற்றை இணைக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்திரம் அரிதன்று, படங்களைப் பார்த்து எல்லை பிரிக்கத் தெரிந்தவர்கள்தாம் அரியர். இதய மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையில் அமரவேண்டும். நாளை அந்த நாற்காலிகள் உங்களுக்கு உரியவை.

இன்றே நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. விளையாட்டு நேரத்தில் மூச்சு வாங்கி உட்காரும் தோழனைச் சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். கண்டுபிடிக்கப்படாத குறைக்கு எந்த மாதிரியும் உதவாது.