பேக்கப் எடுத்தாச்சு... திரும்ப வருமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, "பேக்கப் எடுத்து வையுங்கள்" என்பது. இது பாதி அறிவுரைதான் என்பது என் கருத்து. எடுத்த பேக்கப்பை ஒரு முறையாவது திரும்ப ஏற்றிப் பார்க்காதவரை அதை நம்ப முடியாது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் சந்தவாசல் போன்ற ஊர்களிலும் கடைக் கணக்கு கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. பில் போடும் சாஃப்ட்வேர்கள் பல, கணக்கை மைஎஸ்கியூஎல் போன்ற டேட்டாபேஸில்தான் சேமிக்கின்றன. ஓர் உரக்கடையில் அது அழிந்தால், அறுவடை முடிந்து தருவதாகச் சொன்னவர்களின் பாக்கிக் கணக்கும் சேர்ந்தே போய்விடும்.

சிலர் டேட்டாபேஸ் உள்ள ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்கிறார்கள். இது சரியல்ல. டேட்டாபேஸ் இயங்கும்போது ஃபைல்கள் மாறிக்கொண்டே இருக்கும். காப்பியில் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்துவிடலாம். இதற்கென்றே மைஎஸ்கியூஎல்லுடன் 'மைஎஸ்கியூஎல்டம்ப்' என்ற புரோகிராம் வருகிறது. கமாண்ட் பிராம்ப்ட் எனும் கறுப்பு விண்டோவைத் திறந்து, இந்தப் புரோகிராமின் பெயர், யூசர் பெயர், டேட்டாபேஸ் பெயர், சேமிக்க வேண்டிய ஃபைலின் பெயர் ஆகியவற்றை ஒரே வரியில் டைப் செய்து என்டர் தட்டவும். டேட்டாபேஸ் முழுவதும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடைக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இதே வேலையை விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லில் '>' குறி போட்டுச் செய்தால், ஃபைல் யூடிஎஃப்-16 முறையில் பதிவாகும். மைஎஸ்கியூஎல் அதைச் சரியாகத் திரும்ப ஏற்றாது. ஃபைல் இருக்கும், பயன் இருக்காது! 'ரிசல்ட்-ஃபைல்' ஆப்ஷனைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

பெரிய நிறுவனங்களும் இப்படி மாட்டியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது காலியாக இருந்தது! அவர்களுடைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த புரோகிராமோ 9.2 பதிப்பு. இரண்டும் பொருந்தாததால் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அதற்குப் பிறகு டேட்டாபேஸில் சேர்ந்தவை திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே மாதம் ஒரு முறை, உங்கள் பேக்கப் ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள். கடைசியாகப் போட்ட பில் அதில் இருக்கிறதா? நாலைந்து பேருடைய பாக்கித் தொகை சரியாக இருக்கிறதா? இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். சாஃப்ட்வேர் விற்றவர் "பேக்கப் எல்லாம் தானாகவே நடக்கிறது சார்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். "சரி, ஒரு முறை திரும்ப ஏற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பணம் கொடுத்து வாங்கிய உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.