மாத்திரையைப் பொடிப்பதற்கு முன்...

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கும் மாத்திரை கொடுப்பது தினமும் ஒரு போராட்டம்தான். தண்ணீரோடு கொடுத்தால் புரையேறுகிறது. நாக்கிலேயே நின்று கரைந்தால் கசப்பு தாங்காமல் துப்பிவிடுகிறார்கள். கடைசியில் இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே நசுக்கி, தேனில் குழைத்துக் கொடுப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். சூரணத்துக்கு அது சரி. எல்லா மாத்திரைக்கும் சரிவராது.

பல மாத்திரைகளின் மேலே இருக்கும் மெல்லிய பூச்சு கசப்பை மறைப்பதற்குத்தான். பொடித்தால் முதலில் போவது அதுதான். மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைகளைப் பொடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும். கசப்போடு போனால்கூடப் பரவாயில்லை. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால், அது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் மாத்திரை. பொடித்தால் 12 அல்லது 24 மணி நேரத்துக்கான மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையிலும் வலுவான வலி மாத்திரையிலும் இது உயிருக்கே ஆபத்தாகலாம். பான்டோபிரசோல் மாதிரி குடலில் போய்க் கரைய வேண்டியவை, பொடித்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகிவிடும். இந்த எழுத்துகள் இல்லாததாலேயே பொடிக்கலாம் என்றும் அர்த்தமில்லை.

அதனால், ‘இவரால் விழுங்க முடியவில்லை’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல மருந்துகள் சிரப்பாகவோ, தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ கிடைக்கின்றன. சிலவற்றுக்குத் தோலில் ஒட்டும் பட்டைகூட உண்டு.

பொடிக்கலாம் என்று டாக்டரோ மருந்தாளுநரோ சொன்னால், ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக நைஸாகப் பொடியுங்கள். ஒரு டீஸ்பூன் மசித்த வாழைப்பழம் அல்லது ஆப்பிள் மசியலில் கலந்து உடனே கொடுங்கள். ஆப்பிள் மசியல் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்ததாக இருந்தால் நல்லது. குளிர்ச்சியில் கசப்பு கொஞ்சம் மங்கும். ஒரு கிண்ணம் கஞ்சியில் மட்டும் கலக்கவே வேண்டாம். பாதியில் நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கஞ்சியே கசக்கிறது என்று அடுத்த வேளை வாயையும் திறக்க மாட்டார். ஏற்கெனவே இளைத்துப்போனவருக்கு அது பெரிய நஷ்டம். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளினைப் பாலிலோ தயிரிலோ கலக்கக் கூடாது. கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பார்க்கின்சனுக்கான லெவோடோபாவும் பால், பருப்போடு சேர்ந்தால் சரியாக உறிஞ்சப்படாது.

படுத்த நிலையில் மருந்து கொடுக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவையுங்கள். தலையை அண்ணாந்து ஊற்றுவது நம் வீடுகளில் பழகிப்போன தப்பு. மூச்சுக்குழாய்க்குள் போக அதுவே வழி செய்யும். கொடுத்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

விழுங்கிய பின் இருமினாலோ, குரல் ஈரமாகக் கொழகொழவென்று கேட்டாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். விழுங்கும் திறனைப் பரிசோதிக்க ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். சிலருக்கு இருமலே வராமல்கூட மருந்து நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.