கொடுத்தது நன்கொடையா, கடனா?

பினாங்கு ஜார்ஜ்டவுன் தேநீர்க் கடையில் இரு பந்து ரசிகர்கள் வாதாடினார்கள். நம் நாட்டு டோனி பெர்னாண்டஸ் 2011 முதல் 2023 வரை உரிமையாளர்களுள் ஒருவராயிருந்த லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் குழுவைப் பற்றித்தான்.

“காசைக் கொட்டி 2014இல் பிரிமியர் லீக்கில் ஏற்றினாரே அண்ணே!”

“மறு ஆண்டே இறங்கியதே தம்பி! செலவு விதியை மீறியதற்கு 2018இல் 17 மில்லியன் பவுன் அபராதமாமே!”

“உரிமையாளர்கள் கொடுத்த 22 மில்லியன் பவுன் கடனைப் பங்காக மாற்றிச் சுமையை இறக்கினார்களே!”

இரண்டும் மெய்தான். நம் தோட்டத்துக் கோயில் குழுவிலும் பந்துக் குழுவிலும் தலைவர் சொந்தக் காசு போட்டால் கைதட்டுகிறோம். அது நன்கொடையா, கடனா என்று அன்றே எழுதி வாங்குங்கள். அவர் விலகிய பிறகு கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.