பந்தைக் கொடு, விட்டுக்கொடுக்காதே

பெண்களுக்கு 'டீம் ஒர்க்' சொல்லித்தர வேண்டியதில்லை, அது அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது என்கிறார்கள். விளையாட்டு விழா மேடைகளில் அலுக்காமல் ஒலிக்கும் வாக்கியம் இது. கேட்கப் பாராட்டுபோல இருக்கும். உள்ளே இருப்பது பழைய கணக்கு: அம்மா விட்டுக்கொடுப்பாள், அக்கா விட்டுக்கொடுப்பாள், மருமகள் விட்டுக்கொடுப்பாள், ஆகவே மைதானத்திலும் பெண் விட்டுக்கொடுப்பாள். கால்பந்து தெரிந்த எவரும் இப்படிப் பேசமாட்டார்கள். பந்தைக் கொடுப்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு.

ஒரு நல்ல பாஸில் என்ன நடக்கிறது? பந்து காலுக்கு வரும் முன்பே அவள் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுகிறாள். யார் எங்கே ஓடுகிறார்கள், எந்த இடம் திறக்கப்போகிறது என்று கணக்கிடுகிறாள். நிற்பவளின் காலுக்கா, ஓடுபவளுக்கு முன்னாலா, எவ்வளவு வேகத்தில் என்று முடிவு செய்கிறாள். கொடுத்த மறுநொடி அடுத்த இடத்துக்கு ஓடி, "திருப்பிக் குடு" என்று கேட்கிறாள். பார்ப்பது, முடிவெடுப்பது, கேட்டு வாங்குவது மூன்றும் சேர்ந்ததுதான் பாஸ். வீட்டிலோ கொடுத்தவள் கொடுத்த இடத்திலேயே நிற்க வேண்டும். திருப்பிக் கேட்டால் சுயநலக்காரி.

நேரம் அறிவதும் அப்படித்தான். தோழியின் காலைவிட்டுப் பந்து கிளம்பும் கணத்தில் ஓடுபவள் எங்கே இருந்தாள் என்பதை வைத்தே ஆஃப்சைடு தீர்மானிக்கப்படுகிறது. ஓரடி முந்தினால் கொடி உயரும். பிந்தினால் தடுப்பாட்டக்காரி மறித்துவிடுவாள். இந்தக் கணத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்துபவரால் தீர்மானிக்க முடியாது. "இப்ப ஓடு" என்ற சத்தம் காதில் விழுவதற்குள் கணம் போய்விடும். ஆனாலும் பெண்கள் அணிக்குப் பயிற்சி என்றால் கத்துவது என்றே நினைக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். சொன்னதை மட்டும் செய்பவர்களாக அவர்களைப் பழக்கிவிட்டு, பெண்களுக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று குறைபடுகிறார்கள். படிக்க விட்டால்தானே தெரியும்?

'ரோண்டோ' என்றொரு பயிற்சி உண்டு. வட்டமாக நிற்பவர்கள், நடுவில் இருப்பவரிடம் சிக்காமல் ஓரிரு தொடுதலில் பந்தைச் சுற்றவிட வேண்டும். பந்தைப் பறிகொடுத்தவர் நடுவுக்குப் போவார். கத்த ஆளே வேண்டாம். ஒரு பந்து, கொஞ்சம் இடம், தினமும் கொஞ்ச நேரம் போதும். அந்த இடமும் நேரமும்தான் மறுக்கப்படுகின்றன.

1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 'டிக், கெர் லேடீஸ்' என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று, தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தடைபோட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த தடை. அவர்கள் பெண்களின் கால்களைக் கட்டவில்லை, மைதானத்தைப் பூட்டினார்கள். நம் ஊரில் தீர்மானம்கூடத் தேவைப்படவில்லை. மாலையில் மைதானம் பையன்களுக்குத் திறக்கும். பெண்களுக்கு விடுதிக் கதவு மூடும்.

இதையும் மீறிக் கற்றுக்கொண்டு வருபவளிடம்தான் 'அணி' என்ற சொல்லை ஆயுதமாக நீட்டுகிறார்கள். 2022 செப்டம்பரில் ஸ்பெயின் வீராங்கனைகள் 15 பேர், தேசிய அணியின் சூழல் தங்கள் மனநலத்தையும் உடல்நலத்தையும் பாதிக்கிறது என்று சங்கத்துக்கு எழுதினார்கள். தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் திரும்ப வரலாம் என்றது சங்கம். அந்தப் பதினைந்தில் மூவர் மட்டுமே அடுத்த ஆண்டு உலகக் கோப்பை அணியில் இடம்பெற்றார்கள்.

ஸ்பெயின் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் கோர்கே வில்டா சொன்னது சரியாகிவிட்டதே என்றவர்கள் உண்டு. அவர்கள் சிட்னி இறுதியாட்டத்தின் 29ஆவது நிமிடத்தைப் பார்க்கட்டும். இங்கிலாந்தின் லூசி பிரான்ஸ் நடுவில் பந்தை இழக்கிறார். அவர் விட்டுவந்த இடம் காலி. தெரெசா அபெயெய்ரா இடப்பக்கத்துக்குப் பந்தை மாற்றுகிறார். மரியோனா கல்தென்தெய் வாங்கி, வெளிப்புறமாக ஓடிவரும் ஓல்கா கார்மோனா நெருங்கும்வரை வைத்திருந்து, சரியான நொடியில் விடுகிறார். கோல். அந்த நொடியை எந்தச் சங்கமும் சொல்லித்தரவில்லை. அந்த மரியோனா, கடிதம் எழுதிய பதினைவரில் ஒருவர்.

அன்றே பரிசளிப்பு மேடையில் சங்கத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், ஹென்னி எர்மோசோவைச் சம்மதமின்றி உதட்டில் முத்தமிட்டார். பதவி விலகவும் மறுத்தார். அந்தத் தலைமை நீடிக்கும்வரை நாட்டுக்காக ஆடமாட்டோம் என்று 81 வீராங்கனைகள் கையெழுத்திட்டார்கள். வில்டா நீக்கப்பட்டார். ரூபியாலெஸ் விலகினார், 2025இல் நீதிமன்றம் அவரைப் பாலியல் தாக்குதல் குற்றவாளி என்றது. டீம் ஒர்க் என்றால் இதுதான்: ஒருத்தியிடம் பந்து சிக்கியபோது மற்றவர்கள் ஓடிவந்து நின்றார்கள்.

ஆகவே நம் மாணவிகளுக்கு ஒற்றுமை பற்றிய உபதேசம் வேண்டாம். மாலையில் மைதானத்தைத் திறந்துவிடுங்கள். விடுதி நேரத்தை மாற்றுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதை நிறுத்துங்கள். எப்போது கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.