561-ஐ யாரிடம் கேட்பது?

போன வாரம் எங்கள் மாலைப் பள்ளிக் கரும்பலகையில் 561 என்று எழுதினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை 3, 11, 17 என்று காரணிப்படுத்திவிட்டு, "இதுல என்னண்ணா இருக்கு?" என்றாள்.

இருக்கிறது. கணினியில் ரகசியத் தகவல்களைப் பூட்டிவைக்கப் பெரிய பகா எண்கள் தேவை. ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகப் பார்க்க ஃபெர்மா சோதனை உண்டு. 2-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்கி, 2-ஐக் கழித்தால் 30. அது 5-ஆல் வகுபடும். ஆறு முறை பெருக்கிக் கழித்தால் 62. அது 6-ஆல் வகுபடாது. பகா எண்கள் எல்லாம் இதில் தேறும். ஆனால் 561-உம் தேறிவிடுகிறது. 2-க்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் தேறும்! இத்தகைய போலிகளுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். தேர்வில் தேறுவது மட்டுமே தகுதி என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த 561-ஐக் கொஞ்சம் பார்க்கலாம்.

இவ்வெண்களுக்கு முடிவில்லை என்று 1994-இல் மூன்று அறிஞர்கள் நிறுவினார்கள். போதிய அளவு பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே இப்படி ஒன்றாவது இருக்கும் என்று 2021-இல் நிறுவியவர், அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்பு படித்த டேனியல் லார்சன். வயது 17.

அவர் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தாயும் தந்தையும் கணிதப் பேராசிரியர்கள். சந்தேகம் வந்தால் கேட்க வீட்டிலேயே ஆள் உண்டு. அவரைத் தூண்டிய ஆவணப்படமோ ஈடாங் ஜாங் பற்றியது. சீனப் பண்பாட்டுப் புரட்சியின்போது வயல் வேலைக்கு அனுப்பப்பட்டு, உயர்நிலைப் பள்ளியை இழந்தவர் ஜாங். பகா எண்கள் பற்றிய தன் பெரிய தேற்றத்தை அவர் நிறுவியபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்.

இத்தகைய ஆய்வுக்குத் தாளும் பேனாவும் போதும் என்பார்கள். போதாது. கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் வேண்டும். "அடுத்த போலி எது, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். 1105 என்று சொல்லிவிட்டோம். எப்படி என்பதை விளக்க, தமிழ் படித்த எங்களால் முடியவில்லை. அவள் பள்ளியிலோ கணித ஆசிரியர் பணியிடம் காலி.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பள்ளி மாணவர்களை ஆய்வாளர்களோடு சேர்த்துவிடும் திட்டத்தைக் கட்டணமின்றி நடத்துகிறது. நம் மாவட்ட அரசுக் கல்லூரியின் கணிதத் துறை, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கட்டும். ஆசிரியர் பணியிடத்தையும் நிரப்பட்டும். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். அவளும் வருகிறாள்.