ரயில் எண்ணிய பட்டதாரிகள்

புதுடில்லி ரயில் நிலையத்தில் 2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 இளைஞர்கள் தினம் எட்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் நின்று, வந்து போகும் ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர், குமாஸ்தா முதலிய உத்தியோகங்களுக்கு இதுவே பயிற்சி என்று அவர்களை நம்ப வைத்திருந்தார்கள். தலைக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் கைமாறிய பிறகே மோசடி அம்பலமாயிற்று. டிசம்பரில் பத்திரிகையில் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் பொறியியலும் தொழில்நுட்பமும் படித்தவர்கள் என்ற செய்தியைப் படித்தபோது அந்தச் சிரிப்பு நின்றிருக்க வேண்டும்.

அல்சூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. பஜார் தெருவிலும் மர்பி டவுனிலும் இன்று தாத்தாவாக இருப்பவர்கள் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் நுழைந்த காலத்தில், எஸ்.எஸ்.எல்.சி.யும் வேலைவாய்ப்பு அலுவலகத்து அட்டையும் தெரிந்தவர் ஒருவரின் வாய்வார்த்தையும் போதுமானவையாக இருந்தன. எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூடுவதென்று மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவு செய்தது. ஆனால் அந்தக் காலத்து நம்பிக்கை மட்டும் வீட்டில் அப்படியே இருக்கிறது. பட்டம் வாங்கிய மகனுக்கோ மகளுக்கோ 'ஆள் பிடித்தால்' வேலை கிடைக்கும் என்ற எண்ணமே தரகனுக்கு முதல்.

ரயில்வேயில் ஆள் எடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் தரகனின் பேச்சு எடுபடாது. தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடுகிறது. தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம். 2016 ஜனவரி 1 முதல் இத்தகைய பதவிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. ஆகவே 'இன்டர்வியூவில் கவனித்துக்கொள்கிறேன்' என்பவன் இல்லாத ஒன்றை விற்கிறான். தேர்வுக் கட்டணமாகச் செலுத்தும் 500 ரூபாயில்கூட, தேர்வு எழுதியவருக்கு 400 ரூபாய், வங்கிக் கட்டணம் போக, திருப்பித் தரப்படுகிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் முதலியோருக்கும் கட்டணம் 250தான்; அதுவும் திரும்பி வரும். கட்டணத்தையே திருப்பித் தரும் இலாகாவுக்காக லட்சங்களைக் கேட்பவனை என்னவென்று சொல்வது?

'அப்பா ரயில்வே, பிள்ளைக்கும் கோட்டா உண்டு' என்ற பேச்சும் உலவுகிறது. பாதுகாப்புப் பணிகளில் சில வகை ஊழியர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றுப் பிள்ளைக்கு வேலை வாங்கித் தரும் திட்டம் ஒன்று 2004இல் வந்தது உண்மை. அது 2017 அக்டோபர் 27 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கான கருணை நியமனம் வேறு விஷயம். அதற்கும் தரகன் தேவையில்லை.

போட்டி கடுமையானது என்பதை மறைப்பதில் பயனில்லை. 2019இல் அறிவிக்கப்பட்ட சுமார் 35 ஆயிரம் இடங்களுக்கு ஒரு கோடியே 25 லட்சம் பேர் மனுச் செய்தார்கள். அறிவில் குறைந்ததால் தோற்பவர்கள் ஒரு பக்கம் இருக்க, அற்பக் காரணங்களால் வாசலிலேயே விழுந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இரக்கப்பட வேண்டியிருக்கிறது.

தமிழர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இனிஷியல் ஒரு தீராத வழக்கு. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் முன்னால் நிற்கும் எழுத்து ஆதாரில் பின்னால் நிற்கிறது. கல்லூரிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து கிடக்கிறது. தேர்வில் தேறிய பிறகு ஆவணச் சரிபார்ப்பில் இது முளைத்து உயிரை வாங்கும். கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே எல்லாவற்றையும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழோடு ஒத்திருக்கும்படி திருத்தி வைப்பதற்கு அலைச்சல் உண்டே தவிர, பெரிய செலவு இல்லை.

தட்டச்சும் அப்படியே. தட்டச்சு நிலையம் இல்லாத பேட்டை ஒரு காலத்தில் இல்லை. நிலையங்கள் மறைந்தன, தேவை மறையவில்லை. ரயில்வேயில் குமாஸ்தா-தட்டச்சர் பதவிக்கு நிமிடத்துக்கு 30 ஆங்கிலச் சொற்கள் அடித்தாக வேண்டும், பிழை திருத்தும் வசதி இல்லாமல். தொலைபேசியில் இரு கட்டை விரலால் பறக்கிற பிள்ளைகள் விசைப் பலகைக்கு முன்னால் திணறுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கன்னடம். அல்சூர்த் தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடம் பேச வரும். கடையில் பேரம் பேசும், கண்டக்டரிடம் சண்டையும் போடும். பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொன்னால் எண்ணைப் பார்த்துச் சொல்லும். ஸ்டேட் வங்கியில் குமாஸ்தா வேலைக்கு மனுச் செய்பவர், எந்த மாநிலத்து இடத்தைக் கேட்கிறாரோ அந்த மாநில மொழியைப் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ அம்மொழியைப் படித்த சான்று இல்லாவிட்டால் தனியாக ஒரு மொழித் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வில் முதல் வரிசையில் வந்தாலும், அதில் தவறினால் வேலை இல்லை.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூராருக்கு என்பது அதன் சாரம். எதிர்ப்பு எழவே அது நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் உள்ளூரார் யார் என்று சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும்: மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், பதினைந்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று தலைமுறையாக அல்சூரில் வாழும் தமிழனுக்கு முதல் இரண்டும் தாமாகவே வாய்த்திருக்கின்றன. மூன்றாவதில் அவன் வெளியூரானாகிறான். அந்த மசோதா நியாயமா என்ற விவாதம் தனி. அது திரும்ப வந்தாலும் வராவிட்டாலும் வங்கி வேலைக்கான விதி இன்றே இருக்கிறது.

ஏரிக்கரையில் 1950 முதல் இயங்கும் தமிழ்ச் சங்கம் தமிழை வளர்த்திருக்கிறது. தமிழை விடாமலே கன்னட எழுத்தையும் கற்கலாம். 49 எழுத்துகள்தான், அவற்றின் ஒலிகளில் பெரும்பகுதி காதுக்குப் பழகியவை. சங்கத்தோடு நில்லாமல், கோயில் மண்டபங்களிலும் தொழிலாளர் சங்க அலுவலகங்களிலும் மாலையில் ஒரு மணி நேரம் இடம் ஒதுக்கலாம். ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியர்கள் அல்சூரிலேயே இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள்.